நோலீன் மூடிய ரோடு

அண்ணன் கெல்வின் புறப்பட்டுப் போன வெள்ளிக்கிழமை காலையிலும் நோலீன் வழக்கமானதைத்தான் செய்தார். வலது பூட்ஸின் குதிகாலைச் சாலையில் ஊன்றி, சிகரெட் துண்டை நசுக்குவதுபோல் ஒரு திருகு திருகி, காலை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். குழியின் ஓரம் பளபளத்தது.

"வெண்ணெய்," என்றார்.

வெண்ணெய் என்றால் ரோடு மூடல். ரொட்டி என்றால் லேசான வண்டிகள் மட்டும் போகலாம். பிஸ்கட் என்றால் யார் வேண்டுமானாலும் போகலாம். மழை பெய்தால் எங்கள் ஊரான கிரீவ்ஸ் வெல்லிலிருந்து தெற்கே தார்ச்சாலையைத் தொடும்வரை உள்ள மண் ரோட்டுக்கு அவரிடம் இருக்கும் அளவு இந்த மூன்றுதான். 'ரோடு மூடல்' என்ற தட்டியை ஊர் எல்லையில் குறுக்கே வைத்து, காற்றில் விழாமலிருக்க அதன் காலில் ஒரு பழைய டயரைச் சாத்திவிட்டு, தான் குடியிருக்கும் கேரவனின் படியில் தேநீரோடு உட்கார்ந்தார்.

பக்கத்துக் கேரவன் கெல்வினுடையது. இருபது வருஷமாக அண்ணனும் தங்கையும் சேர்ந்துதான் இந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் தண்ணீர் லாரியில் முன்னால் போய் மண்ணை நனைப்பார். தங்கை பின்னால் கிரேடரில் வந்து பிளேடை இறக்கி மேடு பள்ளத்தைச் சீவி மட்டமாக்குவார். கெல்வின் நெட்டை. லாரியின் இருக்கை கடைசிவரை பின்னுக்குத் தள்ளியேதான் இருக்கும். நோலீன் அவர் தோளுக்குக்கூட வரமாட்டார்.

கேரவன்கள் நிற்பது எங்கள் கடைக்கு எதிரில். எங்கள் கடை என்பது பெட்ரோல் பங்க், மதுக்கூடம், தபால் பெட்டி, சாப்பாடு எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ். ஆறு வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து, அப்பா ரஸ்ஸின் கவுண்டருக்குப் பின்னால் நான் நின்ற முதல் மாதம் அது. மூன்று நாள் மழையில் வண்டிச் சத்தமே இல்லாததால் அன்று காலை அவர்கள் பேசியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"திங்கக்கிழமை டாக்டரைப் பாக்கணும், நோல். போன தடவையும் மழைன்னு விட்டுட்டேன்."

"ஞாயித்துக்கிழமை திறந்துடுவேன். திங்கக்கிழமை போய்ச் சேந்துடலாம்."

"ஞாயித்துக்கிழமைம்ப. அப்புறம் இன்னும் ஒரே ஒரு நாள்ம்ப. இந்த முதுகை வெச்சுக்கிட்டு நான் இங்கயே புதைஞ்சு போகணுமா?"

"புதைக்கிறதுன்னாலும் ரோடு காயணும், கெல்."

அப்பா சிரித்துவிட்டார். கெல்வின் சிரிக்கவில்லை.

"போனா நான் திரும்ப மாட்டேன். கடல் பக்கம் போயிடுவேன். மீன் பிடிச்சுக்கிட்டுக் கிடப்பேன்."

"போ. யாரு வேணாம்னா? திறந்தப்புறம் போ."

கொஞ்ச நேரத்தில் கெல்வினின் யூட், பின்பக்கம் திறந்த சின்ன வண்டி, கிளம்பியது. தட்டிக்கு முன் நின்றது. இறங்கினார், டயரைத் தள்ளினார், தட்டியை ஓரமாக நகர்த்தினார், வண்டியை அந்தப் பக்கம் கொண்டுபோனார். மறுபடியும் இறங்கி, சேற்றில் நடந்து வந்து, தட்டியை இருந்த இடத்திலேயே குறுக்கே வைத்து, டயரையும் சாத்திவிட்டுப் போனார். நோலீன் படியில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்தார். வண்டி களித்தரையில் இறங்கி, ஆடி ஆடி, அச்சுவரை புதைந்து, உறுமி, வெளியே வந்து, மணல்மேட்டுக்கு அப்பால் மறைந்தது. அதற்குப் பிறகும் அவர் தேநீரை முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

எங்கள் பக்கத்தில் மூடிய ரோட்டில் வண்டி ஓட்டுவது என்பது அடுத்தவர் வீட்டுக்குள் பூட்ஸோடு போய்ப் படுக்கையில் ஏறி நிற்பது மாதிரி. அதிலும் ரோட்டைப் பார்த்துக்கொள்பவரின் சொந்த அண்ணன்.

நோலீனுக்கு வயது அறுபத்தொன்று. முகத்தில் கண்ணாடி மறைக்கிற இடம் மட்டும் வெள்ளை. மற்றதெல்லாம் ரோட்டின் நிறம். தொப்பிக்குள் ஈரத்துணி. சட்டைப்பையில் எப்போதும் ஒரு கரண்டி, தகர டப்பாவிலிருந்து கட்டிப்பாலை நேராக எடுத்துச் சாப்பிடுவதற்கு. ரோட்டின் ஒவ்வொரு துண்டுக்கும் அவர் ஒரு பெயர் வைத்திருக்கிறார். வரைபடத்தில் அவை கிடையாது. வரி வரியாக மேடு தட்டுகிற இடம் 'சலவைப் பலகை'. மழையில் வழுக்கும் களித்தரை 'சோப்புக்கட்டி'. கெல்வின் புதைந்து எழுந்தது அங்கேதான். நேராக, மரமே இல்லாமல், வானம் ஆரம்பிக்கும் இடம் தெரியாமல் கிடக்கிற நீண்ட துண்டுக்கு 'தூக்கம்' என்று பெயர். அதுதான் அவருக்கு மிகவும் பிடித்த இடம். மதியச் சாப்பாட்டைப் பெரும்பாலும் அங்கேதான் கிரேடரின் சக்கர நிழலில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

"அங்க என்ன இருக்கு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல கண்ணு. அதான்."

தார்ச்சாலை அவருக்கு ஒத்துக்கொள்வதில்லை. "அது முடிஞ்சு போன ரோடு. அதுல நமக்கு என்ன வேலை?" என்பார். கடலை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறார், யாருடைய கல்யாணத்துக்கோ போனபோது. எப்படி இருந்தது என்று எங்கள் அப்பா கேட்டதற்கு, "பெரிசுதான். ஆனா ஒருத்தரும் ஓரத்தைச் சீவி விடல," என்றார். அதைக் கேலியாகச் சொல்லவில்லை.

அவருடைய விநோதங்களில் ஊர் அதிகம் பேசுவது கற்களைப் பற்றி. ரோட்டின் இருபுறமும் கண்ணுக்கெட்டிய மட்டும் கூழாங்கற்கள். வெயில்பட்ட மேல்பக்கம் மெருகேறிக் கருஞ்சிவப்பாக இருக்கும், அடிப்பக்கம் வெளிறியிருக்கும். குண்டுகுழியைத் தவிர்க்க யாராவது ரோட்டைவிட்டு அந்தக் கற்களின்மேல் வண்டியை ஏற்றினால் கற்கள் புரண்டுவிடும். வெளிறிய இரண்டு கோடுகள் தெரியும். எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அப்படி இரண்டு கோடுகள் என் தாத்தா காலத்திலிருந்து கிடக்கின்றன. யாரோ ஒரு முயலைத் துரத்தியவராம்.

புதுக் கோடுகளைக் கண்டால் நோலீன் கிரேடரை நிறுத்திவிட்டு இறங்குவார். கோட்டின் வழியே நடந்து, பூட்ஸின் முனையால் ஒவ்வொரு கல்லாகப் புரட்டி, கறுத்த பக்கத்தை மேலே கொண்டுவருவார். வெயிலில் அரைநாள் அப்படிப் போவதுண்டு. சுற்றுலா வந்த ஒரு ஜோடி பாம்பு பார்க்கிறார் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனது.

"தடம்னா எனக்கு ஆகாது," என்பார். "வந்தவன் வந்தான், போனவன் போனான். அதை எதுக்கு ஊருக்குக் காட்டிக்கிட்டு?"

அதனால்தான் கெல்வினின் தடம் ஊருக்குப் புரியவில்லை.

மழை விட்டு நான்கைந்து நாளில் சோப்புக்கட்டி காய்ந்து கல்லானது. கெல்வினின் சக்கரங்கள் கிழித்த இரண்டு பள்ளங்களும் அப்படியே வார்த்ததுபோல் இறுகிவிட்டன. முழங்கால் ஆழம். ஓரங்களில் சேறு பிதுங்கிக் காய்ந்த உதடுகள். வண்டி உள்ளே விழுந்தால் களித்தரை முடியும்வரை அதுதான் வழி, திரும்ப முடியாது. நோலீன் வடக்கே சீவினார், தெற்கே சீவினார். சோப்புக்கட்டி வந்ததும் பிளேடைத் தூக்கிவிட்டு, அதைக் கடந்து, மறுபடி இறக்கினார்.

தபாலும் சரக்கும் கொண்டுவருகிற டெஸ்தான் முதலில் வாயைத் திறந்தவர். டெஸ் அரபானா ஆள், இந்த மண்ணின் பழங்குடி. அவருடைய முன்னோர்கள் நடந்த வழியின்மேல்தான் இந்த ரோடே போட்டிருக்கிறது. அதை அவர் மறப்பதும் இல்லை, நோலீனை மறக்க விடுவதும் இல்லை.

"எங்க ஆளுங்க காலங்காலமா நடந்த வழி. ஒருத்தருக்கும் இடுப்பு பிடிக்கல. நீ பிளேடைக் கொண்டாந்தப்புறம் பாரு, என்னால சாக்ஸ் போட முடியல."

"மெதுவா ஓட்டு, டெஸ்."

"மெதுவா ஓட்டினா முட்டை நாறிடும். வேகமா ஓட்டினா உடைஞ்சுடும். எது வேணும், சொல்லு."

அந்தக் கோடை முழுக்க எங்கள் கடையில் முழுசாகப் பொரித்த முட்டை கிடைக்கவில்லை. கலக்கிய முட்டைதான். அப்பா பலகையில் 'இன்றைய சிறப்பு' என்று எழுதிவைத்தார். அடியில் யாரோ 'கெல்வின் ஸ்டைல்' என்று சேர்த்திருந்தார்கள். நோலீன் அதைப் படித்துவிட்டு ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கேட்டவர்களுக்கெல்லாம் அவரிடம் ஒரு பதில் இருந்தது. "காஞ்ச களிமண்ணை வெட்டினா மாவாப் பறந்துடும். நனைச்சுத்தான் வெட்டணும். நனைக்க யாரு இருக்கா?" அது உண்மையும்கூட. தண்ணீர் லாரி அவருடைய கேரவனுக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்தியபடி நின்றது. மாதத்துக்கு ஒருமுறை தார்ப்பாயின் முன்பக்கத்தை மட்டும் தூக்கி, வெளியில் நின்றபடியே கையை விட்டு எஞ்சினை ஓடவிட்டு, பேட்டரி இறங்காமல் பார்த்துக்கொண்டார். அவர் அதில் ஏறி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

கடையில் இதைப் பற்றி இரண்டு கட்சி உருவானது. அண்ணன் செய்த அநியாயத்தை ஊர் மறக்கக்கூடாது, அதில் விழுகிற ஒவ்வொரு வண்டியும் கெல்வினைத் திட்டிக்கொண்டே போக வேண்டும் என்பதற்காக வைத்திருக்கிறார் என்றது ஒரு கட்சி. அண்ணன் விட்டுப்போனது அது ஒன்றுதானே என்றது இன்னொன்று. எங்கள் அப்பா இரண்டிலும் சேரவில்லை. நேராகவே கேட்டார்.

"ஒரு போன் பண்ணிடேன், நோலீன். நம்பர் என்கிட்ட இருக்கு."

"நான் எதுக்குப் பண்ணணும்?"

"அண்ணனாச்சே."

"ரஸ், இந்த ரோட்டுல போறதுக்கு முன்னாடி போலீஸ்காரன் கேக்கறான். பாதிரியார் கேக்கறாரு. மாடு ஏத்திட்டு வர்றவன் பாதி வழியில நின்னு கேக்கறான். 'நோலீன், ரோடு திறந்திருக்கா?' இவன் என் பக்கத்துல ரெண்டடி தள்ளி உக்காந்திருந்தான். அன்னிக்குக் காலையில ஒரு வார்த்தை கேக்கல." கோப்பையைக் கவுண்டரில் வைத்தார். "கேக்கட்டும்."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப? மூடியிருக்குன்னுதானே?"

"ஆமா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? கேட்டிருப்பான்ல."

அடுத்த மழை பல மாதம் கழித்துத்தான் வந்தது. லேசான மழை, ஒரு நாள் முழுக்கத் தூறிவிட்டு நின்றது. மறுநாள் காலை நோலீன் குதிகாலைத் திருகிப் பார்த்தார். "ரொட்டி." ரோடு சீவுவதற்கு அதைவிட நல்ல பதம் கிடையாது, லாரித் தண்ணீரே தேவையில்லை. இன்றைக்குத் தீர்ந்தது என்று டெஸ்கூட நம்பினார். நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம். கிரேடர் தெற்கே போனது. பின்னால் மண் பாய் விரித்ததுபோல் படிந்தது. சோப்புக்கட்டியின் விளிம்பில் ஒரு கணம் நின்றது. பிளேடு மேலே எழுந்தது.

அதன்பிறகு 'நனைக்க ஆள் இல்லை' என்ற பதிலை அவர் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

சாலை அலுவலகத்திலிருந்து முர்ரே வந்தார். நல்ல மனிதர். நோலீனோடு பத்து வருஷப் பழக்கம். சோப்புக்கட்டியில் அவருடைய வண்டியின் அடிப்பாகம் தட்டி, புகைக்குழாய் கழன்று தொங்கிக்கொண்டு வந்தது. தொப்பியைக் கழற்றிக் கவுண்டரில் வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"புகார் மேல புகார் வருது, நோலீன். ஒரு துண்டுதான். அரைநாள் வேலை."

"தெரியும்."

"தண்ணி லாரிக்கு ஆள் அனுப்பறேன்."

"அந்த லாரிக்கு ஆள் இருக்கான்."

முர்ரே கடையைச் சுற்றிப் பார்த்தார். அப்பா கண்ணாடிக் குவளையைத் துடைத்துக்கொண்டிருந்தார். டெஸ் தன் தொப்பிக்குள் எதையோ தேடினார்.

"மேல உள்ளவங்க சொல்லிட்டாங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள அதைச் சரி பண்ணு. இல்லன்னா ரோட்டையே வெளி ஆளுங்ககிட்ட ஒப்படைச்சுடுவாங்க. கிரேடரும் போயிடும். கேரவனை நிறுத்தற இடமும் போயிடும். நான் சொல்றது புரியுதா?"

"புரியுது."

"அப்ப?"

"ஒப்படைக்கட்டும்."

முர்ரேவுக்கு அப்பா ஒரு கம்பி கொடுத்தார். புகைக்குழாயைக் கட்டிக்கொண்டு அவர் கிளம்பினார். அவர் போவதற்கு முன் நோலீன் வாசலுக்கு வந்து, "இடது சக்கரத்தை உதட்டு மேல ஏத்திக்கோ. உள்ள இறங்காதே," என்று சொல்லி அனுப்பினார்.

அந்த வாரம் அவர் 'தூக்கம்' என்ற நீண்ட துண்டில்தான் முழு நேரமும் வேலை செய்தார். அங்கே சீவுவதற்கு எதுவும் இல்லை. டெஸ் சொன்னார்: "தாண்டி வந்தேன். வண்டியை நிறுத்திட்டு ரோட்டு நடுவுல நின்னுக்கிட்டிருக்கா. கையை ஆட்டினேன், பாக்கல." ஊரில் யாரும் அதற்குமேல் அதைப் பேசவில்லை. கட்சிகளும் கலைந்துவிட்டன. வெளி ஆட்கள் வந்தால் கேரவன்களை எங்கே நகர்த்துவது என்று அப்பா பின்பக்க இடத்தை அளந்துகொண்டிருந்தார்.

எங்கள் கடையின் தொலைபேசியில் வருகிற அழைப்புகளில் முக்கால்வாசி ஒரே கேள்விதான். கடை திறப்பதற்கு முன் வருபவை இயந்திரத்தில் பதிவாகியிருக்கும். காலையில் நான் அவற்றைச் சத்தமாக ஓடவிடுவேன். ஃப்ளாஸ்க்கில் வெந்நீர் பிடிக்க வருகிற நோலீன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வார். நான் திருப்பிக் கூப்பிட்டுச் சொல்வேன். கெல்வின் போய் ஒரு வருஷத்துக்கும் மேல் ஆகியிருந்தது. முர்ரே சொன்ன மாதக் கடைசிக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. மழை இல்லை. ரோடு முழுக்கப் பிஸ்கட்.

முதல் அழைப்பு, கேரவனை இழுத்துக்கொண்டு வருகிற ஒரு குடும்பம். "வரலாம்," என்றார் நோலீன். இரண்டாவது ஒரு மாட்டு லாரி. "வரலாம். சலவைப் பலகையில மெதுவா." மூன்றாவதில் முதலில் காற்றுச் சத்தம், கடற்பறவைகள், ஒரு இருமல்.

"ரஸ், கெல்வின் பேசறேன். நல்லா இருக்கேன். முதுகு அப்படியேதான் இருக்கு. மீன் ஒண்ணும் பெரிசா கிடைக்கல." மறுபடியும் இருமல். "நோல்கிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லு. ரோடு திறந்திருக்கா? அவசரமில்ல. திறந்திருந்தா வர்றேன். இல்லன்னா திறக்கிற வரைக்கும் இங்கயே இருக்கேன்."

ஃப்ளாஸ்க் நிரம்பி வெந்நீர் வழிந்தது. நான்தான் குழாயை மூடினேன்.

"என்ன சொல்லட்டும்?"

நோலீன் ஃப்ளாஸ்க்கின் மூடியைத் திருகினார். சரியாகப் பொருந்தவில்லை, எடுத்து மறுபடி திருகினார்.

"மூடியிருக்குன்னு சொல்லு."

வெளியே ஒரு மாட்டு லாரி புழுதி கிளப்பிக்கொண்டு தெற்கே போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

"நாளைக்குச் சாயங்காலம் திறப்பேன்னு சொல்லு," என்றார். "அதுக்கு முன்னாடி கிளம்ப வேணாம்னு சொல்லு."

அப்பா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். நோலீன் அதற்குள் வெளியே போயிருந்தார். தட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் எல்லைக்கு நடந்தார். குறுக்கே வைத்தார். டயரைச் சாத்தினார். மேகமே இல்லாத வானத்துக்குக் கீழே, காய்ந்து கிடந்த ரோட்டை மூடிவிட்டுத் திரும்பி வந்தார். பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்த ஒருவர், "ஏன் மூடறீங்க?" என்று கேட்டார். "வேலை நடக்குது," என்றார்.

பிறகு தண்ணீர் லாரியின் தார்ப்பாயை முழுக்க உருவினார். புழுதி அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. கதவைத் திறந்து ஏறி, ஓட்டுநர் இடத்தில் உட்கார்ந்தார். நெட்டை மனிதருக்காகக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளியிருந்த இருக்கையில் அவருடைய கால்கள் காற்றில் தொங்கின. இருக்கையை முன்னுக்கு இழுக்கும் கம்பி கையை விட்டால் எட்டும் இடத்தில்தான் இருந்தது; அதை அவர் தொடவில்லை.

இறங்கினார். தன் கேரவனுக்குள் போனார். தலையணை ஒன்றை எடுத்து வந்து, அதை முதுகுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, இருக்கையின் நுனிக்கு நகர்ந்து, பூட்ஸின் முனையால் கிளட்ச்சை மிதித்தார்.